பெரியண்ணனுக்கு வந்த கவர்

ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் தோழி அமலி. இன்னொருவர் தொட்டியத்துப் பக்கம் வாழை போட்டிருந்த பெரியண்ணன். இரண்டு பேர் மடியிலும் எக்ஸ்ரே படம். இரண்டு பேருடைய சளியிலும் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று இரண்டு நாள் முன்னால்தான் ரிசல்ட் வந்திருந்தது. டோக்கன்படி அமலி முதலில், அவர் அடுத்து.

நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அமலி பக்கம் திரும்பாமல், அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, உங்களுக்கு தொட்டியம் பஸ்ஸைப் பிடிக்கணும்ல? நீங்க முதல்ல வாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அமலியைப் பார்த்து, "பாப்பா முன்னாடி வந்துச்சே" என்றார். "பரவாயில்லைங்க, போங்க" என்று அமலி சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "மகராசியா இருங்கம்மா" என்றார்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய அநியாயம் அதுதான். பார்த்தவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் உப்புமாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, லால்குடியிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். "எல்லாவற்றையும் சிரிப்பாகவே எழுதுகிறீர்களே, வருத்தப்படும்படி உங்களுக்கு ஒன்றுமே நடந்ததில்லையா?" என்று கேட்கிறார். நடந்ததம்மா. நடந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, நான் நடத்தினேன். இத்தனை வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

திருவுளச்சீட்டு

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் பெருவெள்ளம் வந்து போயிருந்த சமயம். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாலக்கரையில் வீடு. பி.எஸ்ஸி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்த நெஞ்சு நோய் ஆராய்ச்சிப் பிரிவில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன்.

ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குடுவைகளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரண்டு அறை, ஒரு வராண்டா, மூன்று ஸ்டீல் பீரோ, ஒரு மைக்ராஸ்கோப். அவ்வளவுதான். வராண்டா முழுக்க பினாயில் வாசனை, அதையும் மீறி மூடி போட்ட சளி டப்பாக்களின் வாசனை. முதல் ஒரு மாதம் மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அப்புறம் டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அறையில் தயிர்சாதம் சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

பிரிவின் தலைவர் டாக்டர் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாள் சேவித்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்காத குறையாக வந்து சேர்வார். கோபமே வராது. கோபம் வர வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் அவரவர் மேஜைக்கு ஓடிவிடுவோம்.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். காசநோய்க்குப் பழைய வைத்தியம் ஊசி. முதல் இரண்டு மாதம் வார்டிலேயே தங்கித் தினமும் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வாரம் இரண்டு, ஒரு வருடம் முடிகிற வரைக்கும். புதிதாக வந்திருந்தது சிவப்பு காப்ஸ்யூல். ஆறே மாதம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து வாங்கிக்கொண்டு போனால் போதும். இரண்டில் எது உண்மையிலேயே நல்லது?

"புதுசுதானே டாக்டர் நல்லது?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"அப்படித் தோணறது. தோணறது வேற, தெரியறது வேற. தெரிஞ்சிண்டு சொல்லணும்னுதான் இத்தனை பேரை சிரமப்படுத்தறோம்" என்றார்.

தெரிந்துகொள்வதற்கு அவர்கள் வைத்திருந்த வழி கவர். நோயாளி இந்த ஆய்வுக்குச் சரிப்பட்டு வருவார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டதும், பீரோவைத் திறந்து வரிசையில் அடுத்த நம்பர் கவரை எடுக்க வேண்டும். நோயாளி கண்ணெதிரே பிரிக்க வேண்டும். உள்ளே ஒரு சீட்டில் 'ஊசி' என்றோ 'காப்ஸ்யூல்' என்றோ இருக்கும். அதுதான் அவருக்கு. டாக்டரும் மாற்ற முடியாது, கலெக்டர் வந்தாலும் மாற்ற முடியாது. யாருக்கு எது என்பதை மனிதர்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால், தெம்பாக இருப்பவர்களுக்கு ஒன்று, வேண்டியவர்களுக்கு ஒன்று என்று கை சாய்ந்துவிடும். அப்புறம் குணமானது மருந்தாலா ஆளாலா என்று யாருக்கும் தெரியாது.

இதை நோயாளிகளுக்கு எப்படிப் புரியவைப்பது? டாக்டர் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார். "கோயில்ல திருவுளச்சீட்டு போடுவா இல்லையா, அதுதான் இது. என் கையிலயும் இல்லை, இந்தப் பொண்ணு கையிலயும் இல்லை." அவ்வளவுதான். நிலச்சுவான்தாரிலிருந்து பீடி சுற்றுகிறவர் வரைக்கும் உடனே தலையாட்டிவிடுவார்கள். சிலர் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்கள். நான் பிரிப்பேன்.

பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த வயதில் இடுப்பில் ஒரு சாவி இருப்பது எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கேசரிப் பவுடர்

கதையை விட்டு விலகிப் போகிறேன் என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்ஸ்யூல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று சோதிக்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிலில் சிறுநீர் வாங்கி வர வேண்டும். காப்ஸ்யூல் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். அதற்கென்றே இருந்த விசிட்டர் லீவு போட்ட நாட்களில் அந்த வேலை என் தலையில் விழும். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் நான் அலைந்திருக்கிறேன். யாராவது கேட்டால் பாலிசி ஏஜென்ட் என்று சொல்ல வேண்டும். டி.பி. என்று தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், குழாயடியில் குடம் வைக்க விடமாட்டார்கள்.

உத்திர வீதியில் ஒரு ரிட்டயர்டு தபால்காரர். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் பாட்டிலோடு வருவார். அப்படி ஒரு நிறம்! கல்யாண வீட்டுக் கேசரியின் நிறம். மூன்றாவது தடவை எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு அழகான நிறம் எந்த மனிதருக்கும் வராது. அவர் சம்சாரத்திடம் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். மேடையில் கேசரிப் பவுடர் டப்பா திறந்திருந்தது. அவர் விரலெல்லாம் ஆரஞ்சு.

"காப்ஸ்யூல் சாப்பிட்டா ரத்தமா போறதும்மா. பயந்துட்டேன்" என்றார் பாவம்.

நான் அவரை விடவில்லை. "ஒரு ஆள் பொய் சொன்னா மொத்த ஆராய்ச்சியும் பொய்யாயிடும் மாமா, தெரியுமா?" என்று நடுக்கூடத்தில் நின்று பிரசங்கம் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஆபீஸுக்கு வந்து இந்தக் கதையை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அந்தப் பிரசங்கத்துக்கு நானே ஆளாகப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

மெல்லிசாக இருந்த காகிதம்

வெள்ளம் எங்கள் ஸ்டோர் ரூமுக்குள்ளும் வந்துவிட்டுப் போயிருந்தது. பிரிக்காத கவர்கள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. எந்த நம்பர் கவருக்கு எந்த மருந்து என்கிற பட்டியலை மதராஸிலிருந்து மறுபடி வாங்கி, டாக்டரே வீட்டில் உட்கார்ந்து சீட்டுகளை எழுதி, கவரில் போட்டு, கோந்து தடவி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்தும் போட்டுக்கொண்டு வந்தார். பழைய கவர்கள் உள்ளே கறுப்புத்தாள் வைத்த கெட்டியான கவர்கள். புதியவை கடைத்தெருவில் கிடைத்த சாதாரணப் பழுப்புக் கவர்கள்.

ஒரு நாள் காலையில், பீரோவைத் துடைப்பதற்காகக் கவர்களை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். வெயில் நேராக விழுந்தது. மேலே இருந்த கவருக்குள் சீட்டின் எழுத்து நிழலாகத் தெரிந்தது. படிக்கக்கூட வேண்டாம். நீளமான வார்த்தை என்றால் காப்ஸ்யூல், குட்டி வார்த்தை என்றால் ஊசி.

அன்றைக்கே நான் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக் கவர் வாங்கி மாற்றியிருப்பார். ஒரு நாள் வேலை. நான் சொல்லவில்லை. தன் கையால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார், மனசு கஷ்டப்படுவார் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று உண்மையைச் சொல்கிறேன். மற்ற யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிகிறது என்பது இனிப்பாக இருந்தது. சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பார்ப்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை

அமலியும் நானும் ஒரே மாதாகோயில் பங்கு, அங்கே ஒரே பாடற்குழு. அவளுக்கு ஒரு கான்வென்ட் ஸ்கூலில் தற்காலிக டீச்சர் வேலை. அந்த வருடம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு, இரண்டு தங்கைகள். இருமல் மூன்று மாதமாக நிற்காமல், கைக்குட்டையில் ரத்தம் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசின்னு வந்துச்சுன்னா நான் தொலைஞ்சேன்டி ஸ்டெல்லா. ரெண்டு மாசம் வார்டுல படுத்தா ஸ்கூல்ல தெரியாமலா இருக்கும்? டி.பி. டீச்சரை யாருடி வச்சுக்குவாங்க?"

"காப்ஸ்யூல்தான் வரும், பாரேன்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். போ."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். அடுத்த இரண்டு கவர்களையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். முதலாவது ஊசி. இரண்டாவது காப்ஸ்யூல். சனிக்கிழமையே கொடுத்திருந்த டோக்கன்படி ஊசி அமலிக்கு.

கவரை நான் மாற்றவில்லை. கையெழுத்தைத் திருத்தவில்லை. ரெஜிஸ்டரில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. ஆளை மட்டும் மாற்றினேன். "நீங்க முதல்ல வாங்க" என்றேன்.

பெரியண்ணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எலும்பும் தோலுமாக இருந்தார். நான் நீட்டிய கவரை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சமயபுரத்தா, நீ எதக் குடுத்தாலும் சரி" என்று முணுமுணுத்தார். பிரித்தேன். ஊசி.

அவர் முகம் மலர்ந்தது. "ஊசியா? அப்ப சீக்கிரம் கேக்கும்ல? மாத்திரையெல்லாம் என்னத்தங்க" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு உறுத்தல்கூட விட்டுப்போயிற்று. அவருக்கும் பிடித்தது கிடைத்தது, அமலிக்கும் பிடித்தது கிடைத்தது. யாருக்கு நஷ்டம்? அவர் தொட்டியம் பஸ்ஸைப் பிடித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அண்ணன் மகனை ஏற்பாடு செய்துவிட்டு, மறுநாள் துணிப்பையோடு வந்து வார்டில் படுத்துக்கொண்டார். அமலி காப்ஸ்யூல் பாக்கெட்டைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தரை சுத்துது

ஏழாவது வாரம் இருக்கும். வார்டு ரெக்கார்டு எடுக்கப் போனேன். பெரியண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து நடந்துவந்தார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

"தலை சுத்தலம்மா. தரைதான் சுத்துது. கண்ண மூடுனா தொட்டிலாட்டம் ஆடுது."

சத்து இல்லாததால் வருகிற மயக்கம் என்று நர்ஸ் சொல்லி, தினமும் ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். நான் டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து பெரியண்ணனை நிற்க வைத்து, காலைச் சேர்த்து வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். கண்ணை மூடிய அடுத்த நொடியில் அவர் வெட்டுப்பட்ட வாழை போல அப்படியே சாய்ந்தார். டாக்டர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார்.

அன்றோடு ஊசி நின்றது. மாத்திரைக்கு மாற்றினார்கள். அந்த ஊசி மருந்து சிலருக்குக் காதுக்குள் இருக்கிற நரம்பைத் தாக்கும், உடம்பு நேராக நிற்பது அந்த நரம்பால்தான், போனால் பெரும்பாலும் திரும்பி வராது என்று டாக்டர் எனக்கு விளக்கினார்.

பிறகு அவர் செய்ததை எத்தனை டாக்டர்கள் செய்வார்கள் என்று தெரியவில்லை. பெரியண்ணனுடைய கட்டிலில் போய் உட்கார்ந்து அவரிடம் சொன்னார்.

"இது உங்க நோயால வந்ததில்லை. எங்க மருந்தால வந்தது. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா இதை எழுதி வைப்போம். இந்த வயசுக்கு, இந்த எடைக்கு இவ்வளவு மருந்து ஆகாதுன்னு புஸ்தகத்துல வரும். அடுத்தவாளுக்கு இப்படி ஆகாது."

பெரியண்ணன் தலையாட்டினார். "எழுதுங்கய்யா. நாம பட்டது நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார்.

அவருடைய நெஞ்சு சுத்தமாகிவிட்டது. இருமல் இல்லை, கிருமி இல்லை. நடைதான் திரும்பவில்லை. அமலி ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது போய் நின்றாள். வேலை நிரந்தரமானது. பூசை முடிந்து எனக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொடுத்து, "உன் வாய்முகூர்த்தம்டி" என்றாள். அவள் இன்றும் நன்றாக இருக்கிறாள். இதைப் படிப்பாள். படிக்கட்டும், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சிவப்புப் பென்சில்

பூசையில் நற்கருணை வாங்கப் போவதை, எங்கள் வீட்டுப் பேச்சில் நன்மை எடுப்பதை, நிறுத்தினேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக்கூடாது, செய்யவோ தைரியமில்லை. "ஏண்டி, ரெண்டு மாசமா நன்மை எடுக்கல?" என்று அம்மா தோண்டித் துருவினாள். கடைசியில் ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலத்தில் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டேன். சாமியார் முழுவதையும் கேட்டார்.

"ஆண்டவர் மன்னிப்பார். ஆனா இங்க சொன்னது பத்தாது. டாக்டர்கிட்ட சொல்லணும். அந்தப் பெரியவர்கிட்டயும் சொல்லணும்" என்றார்.

டாக்டரிடம் சொல்வதற்கே இன்னும் ஒரு வருடம் ஆனது. அதற்குள் ஆய்வு முடிந்து, பெயர்களையெல்லாம் பட்டியலிட்டு அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்ற கட்டத்தில் அவர் அறைக்குள் போனேன். சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டார்.

"எத்தனை கவர்?"

"அந்த ஒரு தடவைதான் டாக்டர்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

நான் அழுதேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மெல்லிசுக் கவர் வந்த நாளிலிருந்து எல்லாப் பதிவையும் டோக்கன் புத்தகத்தோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்று நாள் ஆனது. மற்றதெல்லாம் வரிசையாக இருந்தது. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, பட்டியலில் அமலியின் பெயரையும் பெரியண்ணன் பெயரையும் கோடு போட்டு அடித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர், அவரோட தலைசுத்தல்?"

"அவர் ஆய்வுலயே இல்லைன்னு ஆயாச்சு. அவருக்கு வந்ததும் இல்லைன்னுதான் ஆகும்."

"நீங்க அவருக்கு வாக்குக் குடுத்தீங்களே டாக்டர்."

"குடுத்தேன். சீட்டு திருவுளப்படி விழுந்ததுன்னு நம்பிண்டு குடுத்தேன். ஆளைப் பார்த்து மருந்தைக் குடுத்த கேஸை நான் எப்படி உள்ள வைக்க முடியும்? ஒண்ணை வச்சா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படணும்."

தனிக் கடிதமாகவாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். எழுதினார், மேலிடத்துக்கு. அது எந்த ஃபைலில் போய்ப் படுத்ததோ, பதில் வரவில்லை. என் வேலை போகவில்லை. சாவி போயிற்று. அதுவரைக்கும் "இங்க வாம்மா" என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் "மிஸ் ஸ்டெல்லா" என்றார்.

நான் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் அவருக்கு நடந்ததாவது எழுத்தில் நின்றிருக்கும். சொன்னதால் அதுவும் போயிற்று. இதை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தொட்டியம்

எண்பதுகள் பிறந்துவிட்டன. அறிக்கை அச்சாகி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூடப் போகாமல் தொட்டியம் பஸ்ஸில் ஏறினேன். சாமியார் சொன்னதில் பாக்கி இருந்த பாதியை முடிப்பதற்காக. பஸ் முழுக்க வாழைக்கட்டும் வெற்றிலைக்கூடையும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

பெரியண்ணன் வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இந்த அம்மாதான்" என்று அண்ணன் மகன் மனைவியான மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "நான் சொல்லுவேன்ல, ஆஸ்பத்திரியில பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என்னய முன்னாடி விட்டுச்சின்னு. உசுரோட இருக்கேன்னா இவுக புண்ணியம். மோர் கொண்டா."

தோட்டம் இப்போது அண்ணன் மகன் கையில் இருக்கிறதாம். வாய்க்கால் ஓரத்தில் நடக்க முடியவில்லை, வாழைத்தார் தூக்க முடியவில்லை, பொழுது சாய்ந்தால் கொல்லைக்குப் போகக்கூட ஆள் வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, அன்னைக்கு அந்தக் கவர்..." என்று ஆரம்பித்தேன்.

"அது ஆத்தா போட்ட சீட்டும்மா" என்று கையமர்த்தினார். "அவ குடுத்தா. அவ குடுத்தத ஏன் எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. மொதல்ல மனசு விட்டுப்போயிருந்துச்சு. அப்புறம் சரி, அவ கணக்குல ஏதோ இருக்கும்னு தேத்திக்கிட்டேன்."

ஒப்பித்துக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு நான் மோரைக் குடித்தேன். அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டாக்டரய்யா சொன்னாரே, எனக்கு வந்தத எழுதிப் புஸ்தகத்துல போடுறேன்னு. போட்டாங்களாம்மா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போட்டாச்சுங்க" என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டியா?" என்று மருமகள் பக்கம் திரும்பினார். "புஸ்தகத்துல வந்துருச்சாம். இனிமே யாருக்கும் இந்த மாதிரி ஆவாது." பிறகு என்னிடம், "எத்தனாம் பக்கம்?" என்று கேட்டார்.

"பதினேழு" என்றேன். ஏன் பதினேழு என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்தது.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. பேரன் படிச்சு ஆளானா காட்டலாம்."

மருமகள் ஒரு நோட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். எத்தனையோ ரெஜிஸ்டர் எழுதின கை. முத்து முத்தாக எழுதினேன்: பெரியண்ணன், தொட்டியம், பக்கம் 17. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைக்கச் சொல்லி மருமகளிடம் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருச்சி வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு தொட்டியம் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

அந்த அறிக்கை இப்போதும் கே.கே. நகரில் என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதில் மொத்தமே பதினோரு பக்கம்தான்.